நாள் குறித்த ஒத்திவைப்பும் நாள் குறியாத தாமதமும்

அரசுகள் வர்த்தகத் தீர்மானங்களை நாள் குறித்து ஒத்திவைப்பதும், நாள் குறியாமல் தாமதிப்பதும் ஒன்றல்ல. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வையை அறிவித்த அமெரிக்கா, ஒரு வாரத்தில் அதனை 90 நாட்களுக்குத் தள்ளிவைத்தது; ஜூலையில் 30 என்று கடிதம் வந்து, ஈற்றில் 20 சதவீதமாயிற்று. மட்டக்களப்பின் ஆடைத் தொழிலாளருக்கு அது அச்சமான காலந்தான். ஆயினும் சரக்கை முன்கூட்டி அனுப்பவும் பேச்சுவார்த்தை நடத்தவும் இடமிருந்தது.

இலங்கை அரசு நெல்லைக் கொள்வனவு செய்யும் உத்தரவாத விலைக்கு அப்படியொரு நாட்கட்டு இல்லை. அவ்வாண்டு அம்பாறையில் பெரும்போக அறுவடை தொடங்கிய பின்னரே, பெப்ரவரி 5 அன்று, நாட்டு நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரி சம்பா 132 என அறிவிக்கப்பட்டது. கடன்பட்டு விதைத்தவர் ஈர நெல்லைக் காத்து வைத்திருக்க முடியாது; வரம்பிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டவருக்கு, பிறகு வரும் எவ்வளவு நியாயமான விலையும் பயன்படாது. இரண்டில் இதுவே கொடியது என்பேன்.

உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, பொருளை உள்நாட்டு விலைக்கும் குறைவாகப் பிறநாட்டில் விற்கும் மலிவுக் குவிப்புக்கு எதிரான விசாரணை எக்காரணத்தாலும் 18 மாதங்களைக் கடக்கலாகாது. நெல் விலைக்கும் அறுவடைக்கு முந்திய நாளொன்றைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.