ஸ்டூல் போட்ட ஜவுளிக்கடைக்கு நாலு நட்சத்திரம்

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். விலை கொஞ்சம் கூடத்தான், பார்க்கிங் சுத்தமாகக் கிடையாது, லிஃப்ட் ஒன்றே ஒன்று. இருந்தாலும் கல்யாண ஜவுளி எடுக்க யாராவது கேட்டால் இந்தக் கடையைத்தான் சொல்வேன். திருச்சி என்.எஸ்.பி. ரோட்டுப் பக்கம், மலைக்கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மூன்று மாடிக் கடை. பெயரைப் போடவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் பேச்சுவாக்கில் சொன்னதும் இதில் வரப்போகிறது, என்னால் யாருக்கும் திட்டு விழ வேண்டாம்.

டிசைன், ரகம் பற்றியெல்லாம் பின்னால் வருகிறேன். முதலில் கண்ணில் பட்டது, மாடியில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்கள் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தபோதும் பதறி எழுந்திருக்கவில்லை. ஜவுளிக்கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

அந்த ஸ்டூலைப் பற்றியே ஒரு பத்தி எழுதலாம், எழுதுகிறேன். பல கடைகளில் 'ஸ்டூல் போட்டிருக்கிறோம்' என்று கணக்குக் காட்ட டீக்கடை பிளாஸ்டிக் ஸ்டூல் ரெண்டைத் தூக்கி மூலையில் போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் கவுண்டருக்கு மேலே தெரியும், கஸ்டமர் வந்தது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் இருப்பது கஸ்டமருக்குத் தெரியாது, அதனால் யாரும் அதில் உட்கார்வதே இல்லை, கடைசியில் அதன் மேல் அட்டைப்பெட்டி ஏறிவிடும். இங்கே இருப்பது இரும்புக் கால் வைத்த உயரமான ஸ்டூல், கால் வைத்துக்கொள்ளக் குறுக்குக் கம்பி உண்டு. உட்கார்ந்தபடியே புடவையைப் பிரிக்கலாம், மடிக்கலாம், வருகிற ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். எழுந்திருப்பதும் சுலபம், பாதி நின்ற மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, ஒரு நாளாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இது முதலாளி மனசு வைத்துச் செய்கிற உபகாரம் என்று சிலர் நினைக்கலாம். இல்லை, சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் வருடத்தது. அதில் 2021-இல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ள, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பாகச் சேர்ந்து, முதலில் கழிப்பறை கேட்டு, அப்புறம் உட்கார இடம் கேட்டுப் பல வருடம் போராடி வாங்கியது. தொழிற்சாலைகளுக்கோ 1948-ஆம் வருடச் சட்டத்திலேயே, 44-ஆவது பிரிவில், நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார வசதி என்று எழுதியிருந்தது. ஆக மில்லில் துணி நெய்கிறவருக்குக் காகிதத்திலாவது இருந்த உரிமை, அதே துணியை ஏசி போட்ட கடையில் விற்கிறவருக்கு வந்து சேர எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பழைய பட்டுக் கடைகளில் விற்கிறவரும் வாங்குகிறவரும் உட்கார்ந்துதானே இருந்தார்கள்! மெத்தை போட்டு மேலே வெள்ளைத் துணி விரித்து, கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக வீசிக் காட்டுவார். கண்ணாடி கவுண்டரும் யூனிஃபார்மும் வந்த பிறகுதான் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எங்கிருந்தோ முளைத்தது. யாருக்கு மரியாதைக் குறைவு? நானும் பல வருடமாகக் கஸ்டமர்தான், எனக்கு ஒன்றும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை.

நாள் முழுக்க நிற்பது என்ன செய்யும் என்று அந்த வேலையில் இருப்பவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும். காலில் இருக்கிற ரத்தம் மேலே ஏற கெண்டைக்கால் தசை சுருங்கி விரிய வேண்டும். நடக்கும்போது அது நடக்கிறது, அசையாமல் நிற்கும்போது நடப்பதில்லை. ரத்தம் கீழேயே தேங்கி, கால் வீங்கி, வருடக்கணக்கில் போனால் சிலருக்கு ரத்தக்குழாய் புடைத்துச் சுருட்டிக்கொள்கிறது. வெரிகோஸ் என்று டாக்டர் சொல்வது அதைத்தான். அத்துடன் பாத்ரூம் போகவும் பர்மிஷன் கேட்க வேண்டிய கடையாக இருந்தால், தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிற பெண்கள் நிறையப் பேர்.

சரி, வாங்கப் போனவர்களுக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு அது பட்டு செக்ஷனில்தான் புரிந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க நான், என் மாமியார், சித்தி மூன்று பேரும் மாடிக்குப் போயிருந்தோம். மூன்று பேருக்கு மூன்று கருத்து. காட்டிய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம், நாங்கள் கலைத்துப் போட்ட குவியலைப் பார்த்து வேறு கடையாக இருந்தால் முகம் எப்போதோ சுருங்கியிருக்கும். அவர் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக மடியில் வைத்து, இது கோர்வை, உடலுக்கும் பார்டருக்கும் தனித்தனி நாடா ஓட்டித் தறியிலேயே கோர்த்து நெய்தது, இது அப்படி இல்லை என்று திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். இந்த ஜரிகை ஹாஃப் ஃபைன், அதாவது செம்புக் கம்பியில் முலாம் பூசியது, அந்தப் புடவையில் இருப்பது வெள்ளி கலந்தது, விலை வித்தியாசம் அதில்தான் என்றார். சுத்தப் பட்டுதான் என்பதற்கான சில்க் மார்க் சீட்டை நாங்கள் கேட்கும் முன்னாலேயே எடுத்துக் காட்டினார். சித்தி இன்னும் கனமானதைக் காட்டச் சொன்னதற்கு, "வேண்டாம்மா, பொண்ணு ஒல்லியா இருக்குன்னு சொல்றீங்க, ரெண்டு கிலோ ஜரிகையைத் தூக்கிட்டு எப்படி உட்காரும்" என்று விலை குறைந்த ஒன்றைத்தான் எடுத்து வைத்தார். ரெண்டு கிலோ என்பது அவர் பாணிக் கணக்கு. ஆனால் சொன்னது நியாயம், வாங்கியதும் அதைத்தான்.

கால் வலியோடு எப்போது ஒன்பது மணி ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் இவ்வளவு பொறுமையாகப் பேசமாட்டார், பேசவும் முடியாது. கையில் கிடைத்ததை நம் தலையில் கட்டி அனுப்பத்தான் தோன்றும். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்றார். பக்கத்து கவுண்டர் பெண்ணும் அப்படித்தானாம். ரகம் தெரிந்த ஆட்கள் கடையில் தங்கினால்தானே இந்தப் பேச்சு வரும். புதிதாக வந்த பிள்ளைக்குக் கோர்வை எது, மற்றது எது என்று எப்படித் தெரியும்? "முதல்ல ஸ்டூல் போட்டப்ப எங்களுக்கே கூச்சமா இருந்துச்சுக்கா, யாராவது வந்தா டபக்குனு எந்திரிச்சிருவோம். இப்ப பழகிருச்சு" என்று சிரித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முறை வைத்து ஒரு மணி நேரம் விடுகிறார்களாம். அதுவும் சட்டத்தில் உள்ளதுதான், நாலு மணி நேர வேலைக்கு மேல் போனால் ஒரு மணி நேர இடைவேளை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஏதோ போனஸ் கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், இந்த நல்லதெல்லாம் மாடியில்தான். கீழ்த்தளத்தில் நைட்டி, துண்டு, தள்ளுபடிக் குவியல் இருக்கிற இடத்தில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள், அத்தனை பேரும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். ஸ்டூல் போட இடம் இல்லை என்கிறார்கள். தள்ளுபடிக் கூடையில் ஒன்றை எடுத்தால் நாலு ஸ்டூலுக்கு இடம் வரும். வாசலில் கதவைத் திறந்துவிடுகிற வாட்ச்மேன் பெரியவர், அறுபது வயதுக்குக் குறையாது, அவருக்கும் நாற்காலி இல்லை. கேட்டதற்கு, "வர்றவங்களுக்கு சல்யூட் வைக்கணும்ல தம்பி" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். பட்டுக்கு இருக்கிற உரிமை நைட்டிக்குக் கிடையாது போலிருக்கிறது. தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயத்தில் மாடியிலும் ஸ்டூல்கள் ஓரம் போய்விடும் என்று அந்தப் பெண்ணே சொன்னார். கூட்டத்தில் உட்கார எங்கே நேரம் என்பது சரி, ஆனால் அப்போதுதானே கால் அதிகம் வலிக்கும்.

மற்றபடி சுருக்கமாக. பட்டு ரகம் நன்றாக இருக்கிறது, காட்டன் புடவை சுமார், ஆண்கள் பிரிவுக்கு ஏறவே வேண்டாம். பேரம் கிடையாது. பில் போடுகிற இடத்தில் ஒரே வரிசை, பத்து நிமிஷம் நிற்க வேண்டும், வாங்குகிறவர்களுக்கும் அங்கே ரெண்டு நாற்காலி போடலாம். ஃபால்ஸ் அடித்துக் குஞ்சம் கட்டித் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசு, சொன்ன தேதிக்கு ஒரு நாள் தள்ளித்தான் வந்தது. சாயங்காலம் போகாதீர்கள். வார நாளில் கடை திறந்த கையோடு போனால் நிதானமாகப் பார்க்கலாம். வண்டியைச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். கீழ்த்தளத்தைத் தாண்டி மேலே போகிற வழியில், அந்தப் பிள்ளைகளுக்கு எப்போது ஸ்டூல் வரும் என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், நான் கேட்டபோது "பார்க்கலாம் மேடம்" என்றார்.