கொலாய்டல் சில்வர் கிட்: கம்பி தேறும், சர்க்யூட் தேறாது

கொலாய்டல் சில்வர் என்றால் வெள்ளியின் நுண்துகள்கள் மிதக்கும் தண்ணீர். வெள்ளிக் கம்பியில் மின்சாரம் விட்டு அதை வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட் இது. டப்பாவைத் திறந்தால் 10 செ.மீ. வெள்ளிக் கம்பி இரண்டு, மூன்று 9 வோல்ட் பேட்டரிக்கான மூடிகள், கிராக்கடைல் கிளிப் வைத்த ஒயர், ஒரு டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் மீட்டர்), நாலு பக்கக் குறிப்புச் சீட்டு. பேட்டரியும் தண்ணீரும் நம் செலவு.

கம்பியில் குறையில்லை. சுத்தம் 99.99 சதவீதம் என்று போட்டிருக்கிறது. விரலால் வளைத்தால் துள்ளாமல் அப்படியே நிற்கிறது. இது உரசிப் பார்ப்பதற்கு ஈடாகாது, சந்தேகம் இருந்தால் சென்னை சவுகார்பேட்டை நகைக்கடைகளில் மெஷினில் வைத்துப் பார்த்துவிடலாம். கொலுசு உருக்கிய கம்பியோ 925 வெள்ளியோ இதற்கு ஆகாது. 925-இல் 7.5 சதவீதம் வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. அதுவும் சேர்ந்து தண்ணீரில் இறங்கும்.

தண்ணீர் விஷயத்தில் சீட்டு சொல்வது தப்பு. 'ஆர்ஓ தண்ணீர் போதும்' என்கிறது. போதாது. சென்னை வீடுகளில் ஆர்ஓவிலிருந்து வருகிற தண்ணீரிலும் குளோரைடு மிச்சம் இருக்கும். வெள்ளி அயனி (கம்பியிலிருந்து கரைந்து இறங்கும், மின்னூட்டம் உள்ள வெள்ளி) அதைப் பிடித்துக்கொண்டால் சில்வர் குளோரைடு. கம்பியைச் சுற்றி வெள்ளைப் புகை மாதிரி கிளம்பி, டம்ளர் முழுக்கப் பால் கலந்ததுபோல் ஆகிவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும், பேனா 0 அல்லது 1 காட்டணும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் கேன்களிலும் எல்லாம் தேறாது, அளந்துவிட்டு ஊற்றுங்கள். வேகமாக நடக்கட்டும் என்று உப்பு ஒரு கல் போட்டால் அதோடு கதை முடிந்தது.

பெரிய குறை சர்க்யூட். 27 வோல்ட்டை நேராகக் கம்பியில் கொடுத்திருக்கிறார்கள், கரண்டைக் கட்டுப்படுத்த எதுவுமில்லை. முதலில் தண்ணீர் கடத்தாது, மீட்டர் முள் அசையவே அசையாது. அயனி சேரச் சேரக் கரண்ட் ஏறும், ஏறினால் இன்னும் அயனி. கடைசியில் நேர்முனைக் கம்பி கருக்கும், எதிர்முனையில் சாம்பல் நிறப் பஞ்சு தொங்கி உதிரும். சீட்டில் உள்ள 'இரண்டு மணி நேரம்' என்ற கணக்குக்கு இங்கே அர்த்தமே இல்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில், கரண்டை ஒரே அளவில் நிறுத்தும் எல்எம் 334 ஐசி ஒன்றும் 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்கிச் சேர்த்தால் கரண்ட் 1 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. அப்புறம் கணக்கு நேர்: 1 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 மில்லிகிராம் வெள்ளி கரையும். அரை லிட்டரில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) வர 75 நிமிடம். எதிர்முனையில் ஒட்டுவது போக அதற்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். நிமிடத்துக்கு ஒருதரம் முனையை மாற்றிக் கொடுத்து, மெல்லக் கலக்கிவிட்டால் பஞ்சு பிடிப்பது குறையும். எல்எம் 317 ஐசி வேண்டாம், இவ்வளவு சின்னக் கரண்டில் அது நிலையாக நிற்காது.

டிடிஎஸ் பேனா தண்ணீர் பார்க்க உதவும், அவ்வளவுதான். அது அளப்பது கடத்துதிறனை. மிதக்கிற வெள்ளித் துகள் அதன் கண்ணில் படாது. துகள் இருக்கிறதா என்று பார்க்க இருட்டறையில் லேசர் பாயின்டரை அடியுங்கள், கற்றை கோடாகத் தெரியும். திரவத்தின் நிறம் வெளிர் மஞ்சள் வரை சரி, சாம்பல் தட்டினால் துகள்கள் திரண்டுவிட்டன.

சீட்டில் மிக மோசமான வரி, தினம் மூன்று வேளை 30 மில்லி குடிக்கச் சொல்வது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ வைத்திருக்கும் பாதுகாப்பான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.005 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 0.3. மூன்று வேளையில் 10 பிபிஎம் திரவம் 0.9 கொடுக்கும். கரண்ட் கட்டுப்பாடில்லாமல் செய்தது எத்தனை பிபிஎம் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளி தோலில் படிந்து நீலச்சாம்பலாகிவிட்டால் அந்த நிறம் போகாது. இதைக் குடித்தால் எந்த நோயும் குணமாகும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999-லேயே சொல்லிவிட்டது. தீக்காயத்துக்கு டாக்டர் எழுதும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வேறு சங்கதி.

பள்ளி ஆய்வகத்தில் மின்பகுப்பு காட்ட வாங்கலாம், என் மதிப்பெண் 5-க்கு 2. கம்பி குட்டை என்பதால் உயரமான டம்ளரில் கிளிப் தண்ணீரைத் தொட்டுவிடும், அகலமான கண்ணாடிப் பாத்திரம் எடுத்து, கம்பியின் மேல்நுனியை விளிம்பில் கொக்கியாக வளைத்து மாட்டுங்கள்.