கடல் கடந்தா, பேஃபிரண்ட் வரையா: பணியிடப் பயிற்சி மாநாட்டுக்கு எங்கே போவது?

ஆண்டுக்கு ஒருவரை ஒரு மாநாட்டுக்கு அனுப்பலாம் என்று நிறுவனம் ஒத்துக்கொண்டதும் பயிற்சிப் பிரிவில் மூன்று யோசனைகள் எழும்: அமெரிக்காவின் ஏடிடி என்ற பணியிடப் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடு, சிங்கப்பூரிலேயே நடப்பவை, வீட்டிலிருந்தபடி நேரலை. பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது வேலை நாள்களை.

ஏடிடி, 1943இல் தொடங்கிய சங்கம். 2014 வரை ஏஎஸ்டிடி என்று பெயர். மாநாடு பொதுவாக மே மாதம், ஞாயிறு முதல் புதன் வரை. ஊர் மாறிக்கொண்டே இருக்கும்: 2024இல் நியூ ஆர்லியன்ஸ், 2025இல் வாஷிங்டன். ஞாயிறு காலை தெளிவாக உட்கார வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே சாங்கியில் ஏற வேண்டும். மாநாடு முடிந்த புதன் இரவே மேற்குக் கரையில் விமானம் பிடித்தாலும் இங்கே இறங்கும்போது வெள்ளி காலை. நான்கு நாள் மாநாட்டுக்கு ஆறு வேலை நாள் போய்விடும். மே மாதத்தில் கிழக்குக் கரைக்கும் நமக்கும் சரியாகப் 12 மணி நேர வித்தியாசம். பகல் 2 மணி அமர்வு உங்கள் உடம்புக்கு நள்ளிரவு தாண்டிய 2 மணி. முக்கியமான அமர்வுகளை முதல் இரண்டு நாள் காலையிலேயே வையுங்கள்.

கட்டணம் கட்டும் முன் கடவுச்சீட்டைப் பாருங்கள். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு எஸ்டா (விசா இல்லாமல் போக இணையத்தில் பெறும் அனுமதி) போதும். இந்தியக் கடவுச்சீட்டோடு எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு விசா நேர்காணல் வேண்டும்; அந்தத் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். முன்பதிவுச் சலுகைக்கு ஆசைப்பட்டு முதலில் பணம் கட்டிவிட்டு, பிறகு விசாவுக்காகக் காத்திருப்பது தலைகீழ் வேலை.

இவ்வளவுக்கும் போகத் தக்கவர் யார்? பெரிய கற்றல் மேலாண்மை மென்பொருள் வாங்கப் போகிறவர். போட்டி நிறுவனங்கள் பலவும் ஒரே கூடத்தில் கடை விரித்திருக்கும். இங்கே இரண்டு மாதம் இழுக்கும் விளக்கக் காட்சிகளை அங்கே இரண்டே நாளில் முடித்துவிடலாம். மற்றவர்களுக்கு ஒரு சோதனை: நேரில் பேசியே ஆக வேண்டிய மூன்று பேரின் பெயரை எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையா, டிக்கெட் வேண்டாம்.

போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல அமர்வுகள் ஓடும். பெயர்பெற்ற பேச்சாளரின் அறை தொடங்கும் முன்பே நிரம்பிவிடும். ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டாவது தேர்வு ஒன்றை, அதே தளத்தில், குறித்து வையுங்கள். அமர்வுக் குறிப்பில் பேச்சாளரின் நிறுவனத் தயாரிப்பு பெயரோடு வந்தால் அது பெரும்பாலும் விற்பனைப் பேச்சுதான்.

உள்ளூர் நிகழ்ச்சிகளில் எடுடெக் ஏசியா என்ற கல்வித் தொழில்நுட்ப மாநாடு பெரியது. அண்மை ஆண்டுகளில் நவம்பர் மாதம் பேஃபிரண்ட் ரயில் நிலையத்தை ஒட்டிய மரினா பே சேண்ட்ஸில் நடந்திருக்கிறது. அங்கே பள்ளி, பல்கலைக்கழகக் கூட்டமே அதிகம். பணியிடக் கற்றல் ஒரு பகுதிதான். முழு நிகழ்ச்சி நிரலில் உங்களுக்கு ஆகும் அமர்வுகளை எண்ணுங்கள். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் கண்காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அறிவித்த கட்டணத்தில் 9% பொருள், சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒப்புதல் தாளில் விடுபட்டுப் போவது அதுதான்.

ஆனால் உள்ளூருக்கு ஒரு பலம் உண்டு. அது கடல் கடந்தால் கிடைக்காது. துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கால் மணி நேரத்துக்குள் தமிழ், வங்காளம், சீனம் பேசும் ஊழியர்களுக்கு ஒரே பாதுகாப்புப் பாடத்தைப் புரியவைக்க வேண்டும். ஆளுக்கொரு மடிக்கணினி, எல்லோருக்கும் ஆங்கிலம் என்று எண்ணிப் பேசும் அமெரிக்க அமர்வில் இதற்கு விடை கிடைக்காது. தேநீர் இடைவேளையில் பக்கத்தில் நிற்கும் ஜூரோங் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கும். உள்ளூர் மாநாட்டில் இடைவேளைகளே பாதி லாபம்.

அதன் பலவீனமும் அந்த அருகாமைதான். “பேஃபிரண்ட்தானே, மதியம் மீட்டிங்குக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போங்க” என்று மேலாளர் கேட்பார். போய்த் திரும்புவதற்குள் இரண்டு அமர்வு போயிருக்கும். மாநாட்டு நாள்களை வெளிநாட்டுப் பயணம் போலவே நாள்காட்டியில் அடைத்துவிட்டு, பொறுப்பை எழுத்தில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

நேரலை மலிவு, பெரும்பாலும் வீணாவதும் அதுவே. மே மாதத்தில் கிழக்குக் கரையில் காலை 8 மணி என்றால் இங்கே இரவு 8 மணி, மேற்குக் கரை என்றால் இரவு 11. முதல் நாள் பார்ப்பார்கள், அடுத்த நாள் “பதிவு இருக்கிறதே” என்று தூங்குவார்கள், பார்ப்பதற்கான கெடு முடிந்துபோகும். நேரலையைத் தொடாமல் நான்கு பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, வாரம் ஒன்றாக, மூன்று பேர் சேர்ந்து மதிய உணவு நேரத்தில் பாருங்கள். தனியாகப் பார்ப்பவர் நடுவில் மின்னஞ்சல் திறந்துவிடுவார்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் பயிற்சி மதிப்பீட்டின் நான்கு நிலைகளை (பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, பலன் வந்ததா) 1959இல் எழுதத் தொடங்கியதே இந்த ஏஎஸ்டிடி சங்கத்தின் இதழில்தான். அப்படியிருந்தும் மாநாட்டுக்குப் போய்வந்தவர் தரும் அறிக்கை முதல் நிலையான “பிடித்திருந்தது” என்பதோடு நின்றுவிடுகிறது! எந்த வழியில் போனாலும், திரும்பிய பத்து வேலை நாள்களுக்குள் ஒரு பாடத்தில் ஒரு மாற்றம் என்று புறப்படும் முன்பே ஒப்புதல் தாளில் எழுதுங்கள்.

அதே பணத்தில் பயிற்றுநர்களுக்கான ஏசிஎல்பி சான்றிதழ் படித்துவிடலாமே என்பாரும் உண்டு. டபிள்யூஎஸ்கியூ (சிங்கப்பூரின் தேசியத் தொழில்திறன் சான்றிதழ் முறை) பாடம் நடத்தப் போகிறவருக்கு அது முதலில் வேண்டியதுதான். அவர் மாநாட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையும் அங்கீகரித்த படிப்புகளுக்குத்தான், மாநாட்டு நுழைவுச்சீட்டுக்கு அல்ல.

கடைசியாக, கழுத்தில் தொங்கும் மாநாட்டு அட்டை. கண்காட்சிக் கடைக்காரர் அதை ஸ்கேன் செய்தால், பதிவில் நீங்கள் கொடுத்த மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அவரிடம் போகும். இலவச பென்சிலுக்காக நீட்டாதீர்கள். பதிவில் அலுவலக எண்ணையே கொடுங்கள். பிறகு அழைப்பு தொல்லையானால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக இங்குள்ள நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதலாம். சட்டம் நடப்பது இங்கே. அமெரிக்கக் கடைக்காரரிடம் அது செல்லும் என்று நம்ப வேண்டாம்.