காலால் மிதிக்கும் பழைய சிங்கர்: திருத்தியும் தைத்தும் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

பழைய கால்மிதித் தையல் மெசினைத் திருத்துவது வீண்செலவு என்று நினைப்பவர்களுக்கும், அதைத் துடைத்து விறாந்தையில் அழகுக்கு வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பெரியம்மாவிடமிருந்து எனக்கு வந்த சிங்கர் இப்போது திருகோணமலையில் எங்கள் வீட்டின் அன்றாடத் தையல் அனைத்தையும் செய்கிறது. நேர்த்தையலைப் பொறுத்தவரையில், இதற்கு முன் நான் பயன்படுத்திய சிறிய மின்சார மெசினைவிட இதன் தையல் ஒழுங்காகவும் இறுக்கமாகவும் விழுகிறது. ஆனால் இதை வாங்குவதற்கோ திருத்துவதற்கோ முன் தெரிந்திருக்க வேண்டிய விடயங்கள் பல இருக்கின்றன. இந்த மெசினால் செய்ய முடியாதவையும் சில இருக்கின்றன.

முதலில் மெசினைப் பற்றி. இது சிங்கரின் 15ஆம் வகுப்பு என்ற மாதிரி வரிசையைச் சேர்ந்தது. மெசினின் அடித்தட்டின் வலப்பக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணுக்கு முன்னால் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் 1885இல் திறக்கப்பட்ட கில்போவி தொழிற்சாலை 1900 முதல் 1935 வரையில் எண்ணுக்கு முன் ஒற்றை எழுத்தையும் அதற்குப் பின் இரட்டை எழுத்துகளையும் பொறித்ததால், நம் வீட்டு மெசின் எந்தக் காலத்தது என்பதை அந்த ஓர் எழுத்தைப் பார்த்தே ஓரளவு கணித்துவிடலாம். சிங்கர் நம் நாட்டுக்கு வந்தது 1877இல். ஆகவே நம் பாட்டிமார் காலத்து வீடுகளில் இந்தப் பெயரே அதிகம் காணப்படுவதில் வியப்பில்லை.

அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. இருந்தும் இந்த மெசினுக்கு உதிரிப்பாகம் கிடைக்கிறது என்பதுதான் இதன் மிகப் பெரிய பலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் 15ஆம் வகுப்பின் அமைப்பையே தங்கள் பொதுவான மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். பின்னர் இந்தியாவிலும் சீனாவிலும் செய்யப்பட்ட வீட்டு மெசின்களில் பெரும்பாலானவையும் அதே வழியில் வந்தன. அதனால் பொபின் (கீழ்நூல் சுற்றும் சிறிய உருளை), அதை வைக்கும் கூடான பொபின் கேஸ், ஊசி, துணியை நகர்த்தும் பல் ஆகியவற்றைத் தையற்பொருள் விற்கும் கடைகளில் இன்றும் கேட்டு வாங்கலாம். படகு வடிவில் நீளமான ஓடம் போன்ற பாகமும் மெல்லிய நீள பொபினும் கொண்ட இன்னும் பழைய மெசின்களுக்கு இந்த வசதி இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை யாராவது விற்க வந்தால், அந்தப் பாகமும் பொபின்களும் உள்ளேயே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

எனக்கு வந்தபோது மெசினின் வலப்பக்கத்தில் கையால் சுற்றும் கைச்சில்லு அசையவே இல்லை. முதலில் காட்டிய ஒரு கடையில், மோட்டர் பூட்டிக் கறுப்பு நிறம் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். இந்த மெசினின் உடலில் மோட்டரைப் பொருத்துவதற்கான இடமே வார்க்கப்படவில்லை. அதில் துளை போட வேண்டும் என்றார்கள். நான் மறுத்து, மத்திய வீதிப் பக்கத்தில் நீண்ட காலமாகத் தையற்கடை நடத்திக்கொண்டு மெசின்களும் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் கைச்சில்லை மெதுவாக இரு பக்கமும் அசைத்துப் பார்த்தார். "இது கறள் இல்லப் பிள்ளை, எண்ணெய் இறுகிப்போய்க் கிடக்குது. கறளை இப்ப தொடாதேங்கோ, விட்டுப்போட்டு நாளைக்கு வாங்கோ" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரியாக இருந்தது.

கடற்காற்றில் உப்பு கலந்திருக்கும் நம் ஊரில் இரும்புப் பொருள் எதைப் பார்த்தாலும் கறள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் பூட்டி வைத்த தையல் மெசினை இறுகச் செய்வது பெரும்பாலும் எண்ணெய்தான். தையல் மெசின் எண்ணெய் முடிந்தால் சமையலறையில் இருக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விடுகிற பழக்கம் பல வீடுகளில் இருந்தது. தாவர எண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் தடித்து, மஞ்சள் நிறப் பசையாகி, கடைசியில் வார்னிஷ் போலக் காய்ந்து தண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இதற்குச் சுத்தியல் உதவாது. பொறுமையும் மண்ணெண்ணெயும்தான் உதவும். மேலே உள்ள எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும், ஊசித்தண்டு மேலும் கீழும் ஓடும் இடத்திலும், அடிப்புறத்தில் உலோகமும் உலோகமும் உராயும் எல்லா இடங்களிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஊறவிட்டு, கைச்சில்லை அசையும் அளவுக்கு மட்டும் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஒரு நூலிழை அளவு அசையும். பிறகு கால் சுற்று. பிறகு திடீரென்று முழுச் சுற்றும் வந்துவிடும். அந்தக் கணத்தில் அடிப்பக்கத்தில் இருந்து வழிந்த கரும்பழுப்பு நீரைப் பார்த்தபோதுதான் உள்ளே எவ்வளவு அழுக்கு இருந்தது என்பது எனக்கு விளங்கியது. மண்ணெண்ணெய் கரைக்குமே தவிர உராய்வைக் குறைக்காது. எனவே அதை நன்றாகத் துடைத்தெடுத்த பின் நிறமற்ற தையல் மெசின் எண்ணெயை அதே இடங்கள் அனைத்திலும் விட வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் பாகங்கள் வெறுமையாக உராய்ந்து தேயும்.

வெளிப்பூச்சு விடயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். கறுப்பு நிறத்தின் மேலும் தங்கநிறச் சித்திர வேலைகளின் மேலும் பூசப்பட்டிருப்பது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அது கரைந்துவிடும், சித்திரமும் அதோடு போய்விடும். பஞ்சில் தையல் மெசின் எண்ணெயைத் தொட்டு மெதுவாகத் துடைப்பதே பாதுகாப்பானது. மேசையின் மரத்துக்கும் இரும்புக் காலுக்கும் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஊசிக்குக் கீழே மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி ஆடும் பகுதியைத் திறந்தபோது, பல நிறங்களில் அறுந்த நூல் துண்டுகள் பின்னால் சுருண்டு இறுகிக் கிடந்தன. கைச்சில்லு கனமாகச் சுற்றியதற்கு அவையும் ஒரு காரணம். கைச்சில்லின் நடுவில் உள்ள பெரிய திருகாணிக்குப் பின்னால் காதுகள் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. கழற்றித் துடைத்துத் திரும்பப் போடும்போது அது பிடிக்காவிட்டால், சில்லு சுற்றும், ஊசி அசையாது. அப்போது எதையும் உடைந்துபோனதாக நினைக்க வேண்டியதில்லை. வளையத்தை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

பெல்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிதிப்பது சுகமா சுமையா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருண்டைத் தோல் பெல்ட்டை பெரிய சில்லிலும் கைச்சில்லிலும் சுற்றி, இரு முனைகளிலும் துளையிட்டுச் சிறிய கம்பிக் கொளுவியால் இணைப்பார்கள். புதுத் தோல் ஆரம்பத்தில் நீளும். நீண்டு வழுக்கத் தொடங்கினால் கொஞ்சம் வெட்டி மீண்டும் இணைக்க வேண்டும். ஒக்டோபரில் வாடைமழை தொடங்கிய பின் காற்றில் ஈரம் கூடும்போது எங்கள் பெல்ட் மறுபடியும் தளர்ந்தது. வழுக்குகிறதே என்று அளவுக்கு மீறி இறுக்கினால் மிதி கனத்து முழங்கால் நோகும். கைச்சில்லைத் தள்ளியதும் வழுக்காமல் ஓட வேண்டும், கால் எடுத்த பின்னும் ஒரு சுற்று தானாக ஓட வேண்டும். அந்த அளவு இறுக்கம் போதும்.

இனிப் பழகுவது. கைச்சில்லின் நடுத் திருகாணியைத் தளர்த்தினால் ஊசி அசையாமல் சில்லுகள் மட்டும் சுற்றும். முதலில் அப்படி விட்டு, காலை மட்டும் பழக்க வேண்டும். இரு பாதங்களையும் மிதியில் முன்னும் பின்னுமாக வைத்து, ஒன்றின் குதிகாலும் மற்றதன் விரல்களும் மாறி மாறி அழுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தை வலக்கை கொடுக்க வேண்டும்: கைச்சில்லை நம் பக்கமாகச் சுற்றிவிட்டு, அந்த ஓட்டத்தைக் கால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு நூல் இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளில் கோட்டின் மேல் ஊசித் துளைகள் விழும்படி ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் மோட்டரை மறுத்தது எவ்வளவு நல்ல முடிவு என்று உணர்ந்தேன். கழுத்து வளைவிலும் சட்டைக் கொலரின் மூலையிலும் ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்துவதற்கு, கால் பழகிய மெசினைப் போல எந்தச் சிறிய மோட்டரும் கீழ்ப்படியாது.

நூல் கோர்ப்பதில் இந்த வகுப்புக்குத் தனி ஒழுங்கு உண்டு. ஊசித்தலையின் தட்டையான பக்கம் இடப்பக்கம் நோக்கியிருக்க, நூலை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகக் கோர்க்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து நூல் கோர்க்கும் மின்சார மெசினில் பழகிய கைக்கு இது புதிது. ஊசி மாறி நின்றால் தையல் விழாது, அல்லது இடையிடையே விட்டுப் போகும். நூல் இறுக்கத்தைச் சரிசெய்ய வெவ்வேறு நிறங்களில் மேல்நூலும் பொபின் நூலும் போட்டுப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. துணியின் மேற்பக்கத்தில் பொபின் நூல் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் கூட. கீழ்ப்பக்கத்தில் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் இறுக்கம் குறைவு. பொபின் கேஸில் இருக்கும் சிறிய திருகாணியைக் கடைசி வரையில் தொடாமல் விடுவதே புத்தி.

பாடசாலைச் சீருடையின் வெள்ளைத் துணி, திரைச்சீலை, தலையணை உறை, ஜீன்ஸ் காற்சட்டையின் அடி மடிப்பு ஆகியவற்றை இதில் தைத்திருக்கிறேன். ஜீன்ஸில் நான்கு மடிப்பு சேரும் இடத்தில் 16ஆம் இலக்க ஊசியைப் போட்டு, கைச்சில்லைக் கையால் சுற்றிக் கடந்தால் மெசின் தயங்குவதில்லை. மெல்லிய பருத்திக்கு 11ஆம் இலக்கம் போதும். வெள்ளைத் துணிக்கு மட்டும் ஒரு கவனம் வேண்டும்: எண்ணெய் விட்ட அன்றே அதைத் தைக்கக் கூடாது. கழிவுத் துணியில் சில நீண்ட தையல் போட்டு, ஊசித்தண்டில் வழியும் எண்ணெயெல்லாம் அதில் இறங்கிய பின்பே சீருடையை எடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இதில் இடமும் வலமுமாக மாறி மாறி விழும் ஸிக்ஸாக் தையல் இல்லை, பொத்தான் ஓட்டை போட வசதி இல்லை. நம் மெசினில் பின்தையலும் இல்லாததால் முடிவில் துணியைத் திருப்பித் தைக்க வேண்டும். இழுபடும் ரீசேர்ட் துணியில் தையல் அறுந்துபோகிறது. விளக்கு இல்லை, மாலையில் தைப்பவர் மேலே ஒரு விளக்கைத் தானே ஒழுங்கு செய்ய வேண்டும். இடமும் பிடிக்கும். மறுபக்கத்தில், 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை அனுபவித்த எவருக்கும், மின்சாரம் கேட்காத மெசின் ஒன்று வீட்டில் இருப்பதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வருமானத்துக்குத் தைப்பவர்களுக்கு இதை முதல் மெசினாகப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு வேகம் வேண்டும். வீட்டுத் தேவைக்குத் தைப்பவர்களுக்கும், தையலை அடியிலிருந்து படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

திருத்திக் கொடுத்த பெரியவரின் சேவையைப் பொறுத்தவரையில் எனக்கு முழுத் திருப்தி. அவர் புதிதாகப் போட்டவை பெல்ட்டும் ஊசியும் ஒரு சுருள்கம்பியும் மட்டுமே. கழற்றிய பழைய சுருள்கம்பியையும் கையில் தந்து, எங்கே உடைந்திருக்கிறது என்று காட்டினார். எண்ணெய் விட வேண்டிய ஒவ்வொரு துளையையும் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, அவர் முன்னாலேயே என்னை விடச் சொன்னார். முழுச் செலவும் முதற்கடை கேட்ட மோட்டரின் விலைக்குக் கிட்ட வரவில்லை. ஆனால் அவர் தனியாள். நோன்பு, பெருநாள், தீபாவளி, பொங்கல் காலங்களில் தையல் வேலை குவிந்திருக்கும்போது மெசின் திருத்த எடுக்க மாட்டார். ஆகவே அந்தக் காலங்களைத் தவிர்த்துப் போவது நல்லது. மேசையோடு ஏற்றிச் செல்ல வேண்டியதில்லை. பெல்ட்டைக் கழற்றி, மேசைக்கு மேலுள்ள மெசினின் தலையைப் பின்னால் சாய்த்து, இரு கீல்களையும் பிடித்திருக்கும் திருகாணிகளைத் தளர்த்தினால் தலை தனியே வந்துவிடும். அதை ஒரு தடித்த துவாயில் சுற்றி முச்சக்கரவண்டியில் கொண்டுபோகலாம். பொபின் கேஸையும் குறைந்தது ஒரு பொபினையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அவை இல்லாமல் தையலைப் பரிசோதிக்க அவரால் முடியாது.