கயிறு, இரும்புத் தண்டு, லாரி: நின்றுபோன காரை எதில் கொண்டுபோவது?

பெரம்பலூரைத் தாண்டிக் கார் நின்றுபோன அன்று, உதவிக்கு வந்த வேன் ஓட்டுநர் எஃகு வடம் ஒன்றை எடுத்தார். "பத்து டன் தாங்கும் சார்" என்றார். வடம் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவலையெல்லாம் என் காரின் கொக்கியைப் பற்றித்தான்.

உருண்டுகொண்டிருக்கும் காரை இழுக்கப் பெரிய வலு வேண்டாம். காற்று குறையாத டயர், நல்ல தார்ச்சாலை என்றால் உருளல் தடை வண்டியின் எடையில் சுமார் 1.2 சதவீதம். 1,200 கிலோ காருக்கு 14, 15 கிலோ இழுப்பு. ஒரு குடம் தண்ணீரைத் தூக்குகிற பலம். டயர் தரையில் அமுங்கி மீளும்போது ரப்பருக்குள் வெப்பமாகப் போகிற ஆற்றல்தான் இந்தத் தடைக்குப் பெரும் காரணம். காற்று இறங்கினால் தடை ஏறும். 20 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் வந்தால் இன்னும் 60 கிலோ சேரும். மணலில் புதைந்துவிட்டால் கதையே வேறு: 240 கிலோவுக்குக் குறையாது.

ஆகவே எது அதிகம் தாங்கும் என்று கேட்டு கயிறு, இரு வண்டிகளையும் இணைக்கும் இரும்புத் தண்டு, லாரி மூன்றையும் ஒப்பிடுவதில் பயனில்லை. வெட்டி இழுக்கும்போதும் நிற்கும்போதும் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கயிற்றின் தொல்லை அதன் தொய்வு. முன்வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகம் பிடித்த நொடியில் தொய்வு தீர்ந்து வெடுக்கென்று இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஃகு வடம் 10 சென்டிமீட்டர் மட்டுமே நீண்டுகொடுத்தால், கொக்கியில் விழும் சராசரி விசை ஏறக்குறைய 1,200 கிலோ. உச்சம் அதற்கும் மேல். நைலான் கயிறு ஒரு மீட்டர் நீண்டால் அதே வெட்டு 120 கிலோவாகக் குறைந்துவிடும். விறைப்பான வடத்தைவிட இளகிய கயிறே இங்கே மேல். ஆனால் நீண்ட நைலான் அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். நடுவில் ஒரு கனத்த சாக்கைப் போட்டுவைப்பது நல்லது. பக்கத்தில் எவரும் நிற்கக் கூடாது.

கயிறு இழுக்கும், தடுக்காது. பின்வண்டியை நிறுத்துவது அதில் இருப்பவர் பாடு. எஞ்சின் ஓடாததால் ஓரிரு மிதிக்குப் பின் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

இரும்புத் தண்டில் தொய்வே இல்லை. முன்னால் பிரேக் பிடித்தால் பின்னால் வருவதையும் அதுவே தாங்கி நிறுத்தும். அதிலேதான் ஆபத்தும் இருக்கிறது: சிறிய கார் ஒன்று கனமான வண்டியை மலைப்பாதை இறக்கத்தில் கொண்டுவந்தால், பின்வண்டி அதன் வாலைத் தள்ளித் திருப்பிவிடும். தவிர, தண்டை யார் காரில் வைத்திருக்கிறார்கள்?

மேலே ஏற்றிச் செல்லும் லாரிதான் செலவு கூடியது. பல ஆட்டோமேட்டிக் கார்களுக்கு வேறு வழியில்லை. கியர்பெட்டிக்கு எண்ணெய் அனுப்பும் பம்ப் எஞ்சினால் ஓடுவது. எஞ்சின் நின்றபின் சக்கரம் சுழன்றால் உள்ளே உலர்ந்து தேயும். பெரும்பாலான மின்கார்களில் மோட்டார் சக்கரத்தோடு எப்போதும் இணைந்திருக்கும். இழுத்தால் அது மின்சாரம் உண்டாக்கிக் கேடு செய்யலாம். ஒரு வேடிக்கை: லாரி டயரின் உருளல் தடை கார் டயரினதைவிடக் குறைவு. முழுப் பயணத்திலும் கடினமான இழுப்பு, 15 பாகைச் சாய்தளத்தில் காரை வின்ச்சால் (வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளையால்) ஏற்றும் அந்த ஒரு நிமிடம்தான். 310 கிலோவுக்கு மேல் வேண்டும்.

என் முடிவு: சாலையோரம் ஒதுங்க நைலான், பக்கத்துப் பட்டறைவரை தண்டு, அதற்கு மேல் லாரி. எஃகு வடத்துக்கு இடமில்லை.

அன்றும் வேனில் கிடந்த நைலான் கயிற்றைத்தான் கட்டச் சொன்னேன். கயிறு தொய்யாமல் இருக்கக் கைபிரேக்கை லேசாகப் பிடித்தபடியே 200 மீட்டர் தள்ளியிருந்த தேநீர்க் கடைவரை போனேன். லாரி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஓட்டுநர் தேநீர் குடித்துவிட்டு வடத்தைச் சுருட்டி உள்ளே போட்டார், கொஞ்சம் வருத்தத்தோடு.