டாக்ஸ் ஃப்ரீ சைல்டுகேர்: லண்டனில் மூன்று வருஷ அனுபவம்

பேறுகால விடுப்பு முடிந்து 2023 பிப்ரவரியில் நான் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்குப் பதினோரு மாதம். வாரம் ஐந்து நாளுக்கு நர்சரியில் மாதம் 1,600 பவுண்டு கேட்டார்கள். வீட்டு வாடகைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்போதுதான் அலுவலகத் தோழி ஒருத்தி டாக்ஸ் ஃப்ரீ சைல்டுகேர் என்ற பிரிட்டிஷ் அரசின் குழந்தைப் பராமரிப்பு உதவித் திட்டம் பற்றிச் சொன்னாள்.

பெயரைப் பார்த்து வரியில் கழிப்பார்கள் என்று நினைத்துச் சம்பள ரசீதில் தேடினேன். அங்கே ஒன்றும் வராது. அரசு இணையதளத்தில் குழந்தை பெயரில் ஒரு கணக்கு திறக்க வேண்டும். நாம் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும். அந்தக் கணக்கிலிருந்து நேராக நர்சரிக்குக் கட்டிவிடலாம். பதிவு பெற்ற இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு இதில் ஒரு பென்னி கொடுக்க முடியாது!

அப்பா, அம்மா இருவரும் வேலையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி அளவுக்காவது சம்பாதிக்க வேண்டும். மேல் வரம்புதான் வேடிக்கை: இருவருக்கும் சேர்த்து இல்லை, ஆளுக்கு ஆள் பார்ப்பார்கள். ஆளுக்கு வருஷம் 99,000 பவுண்டு வாங்கும் தம்பதிக்கு உதவி உண்டு. ஒருவர் 1,01,000, மற்றவர் 20,000 என்றால் கிடையாது. யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவர்களுக்கும் இது இல்லை. அவர்களுக்கு அதிலேயே குழந்தைப் பராமரிப்புக்குத் தனி உதவி இருக்கிறது.

அரசு 20 சதவீதம் தருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பி உட்கார்ந்தால் கணக்கு உதைக்கும். ஒரு குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு 500 பவுண்டுதான் உச்சம். எங்கள் நர்சரிக்கு மூன்று மாதத்துக்கு 4,800 பவுண்டு. ஆக எங்களுக்குக் கிடைத்தது பத்து சதவீதம் சொச்சம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அனுப்புகிறவர்களுக்கு முழு 20 சதவீதமும் கிடைக்கும். லண்டனில் முழுநேரம் அனுப்புகிறவர்களுக்கு வாய்ப்பே இல்லை.

பெரிய மாற்றம் 2024 ஏப்ரலில் வந்தது. இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு வாரம் 15 மணி நேரம் இலவசம் என்றார்கள். மகளுக்கு மார்ச்சில்தான் இரண்டு முடிந்திருந்தது. அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த 15 மணி நேரம் வருஷத்துக்கு 38 வாரம் மட்டுமே, பள்ளி நடக்கும் நாள் கணக்கில். எங்கள் நர்சரி அதை வருஷம் முழுக்கப் பரப்பியதும் வாரம் 11 மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. நர்சரியின் ஒரு நாளே பத்து மணி நேரம். ஒரு நாள் போக மீதி நான்கு நாளுக்கும் பணம், அப்புறம் சாப்பாட்டுக்கும் டயப்பருக்கும் தனி பில். பின்னால் அது 30 மணி நேரமாக ஆன பிறகும் இதே கதைதான்: பரப்பினால் வாரம் சுமார் 22 மணி நேரம். அப்படியும் எங்கள் மாதச் செலவு முதல் வருஷத்தைவிட நன்றாகவே குறைந்தது, அதை மறைக்க மாட்டேன்.

நான் சறுக்கியது தேதியில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையக் கணக்குக்குள் போய் 'விவரங்கள் மாறவில்லை' என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு நிமிட வேலை. 2024 கடைசியில், மகன் பிறந்த வாரங்களில், அதை மறந்தே போனேன். 800 பவுண்டு போட்டேன், கூட வரவேண்டிய 200 வரவில்லை. தப்பு என்னுடையதுதான், தூக்கமில்லாத வீட்டில் எந்த மின்னஞ்சல் கண்ணில் படும்? இப்போது கணவர் கைபேசியிலும் என் கைபேசியிலும் அலாரம் இருக்கிறது.

இலவச நேரத்துக்கு விண்ணப்பித்ததும் அரசு தரும், நர்சரியிடம் கொடுக்க வேண்டிய 11 இலக்கக் குறியீட்டுக்கும் இதே எச்சரிக்கை. ஏப்ரலில் தொடங்க வேண்டுமென்றால் மார்ச் 31க்குள் கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் அடுத்த பருவம், அதாவது செப்டம்பர். மகனுக்கு 2025 ஆகஸ்டில் ஒன்பது மாதம் முடிந்தது. அந்தச் செப்டம்பரிலிருந்துதான் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கும் 30 மணி நேரம் வந்தது. ஜூலையிலேயே குறியீடு வாங்கி வைத்துவிட்டேன்.

நம் ஆட்கள் விண்ணப்பிக்கும் முன் விசாவைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை இருந்தது. கணவன், மனைவி இருவர் விசாவிலும் பொது நிதி (அரசு உதவித்தொகைகள்) பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் இந்தக் கணக்கும் கிடையாது, 30 மணி நேரமும் கிடையாது. மருத்துவமனையில் வேலை பார்க்கும் தெரிந்த தம்பதி ஒருவர் வரி முழுக்கக் கட்டியும் மூன்று வருஷம் முழுச் செலவையும் தாங்களே சுமந்தார்கள். மூன்று, நான்கு வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கும் 15 மணி நேரம் மட்டும் அவர்கள் பிள்ளைக்கும் கிடைத்தது.

மகள் செப்டம்பரில் பள்ளிக்குப் போகிறாள். பள்ளி முடிந்த பிறகான கிளப்புக்கும் இதே கணக்கிலிருந்து கட்டலாம், பதினோரு வயது வரைக்கும். அதனால் அலாரத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.