சென்டர்போர்டும் பவளக் குச்சியும்: மாஹேபூர் லகூனில் என் மரப்படகு

மொரிஷியஸின் கிழக்குக் கரையில் இருக்கும் த்ரூ தோ தூஸிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, உங்க படகோட பிளானையே வாங்கி நானும் கட்டலாம்னு இருக்கேன். காவடி முடிஞ்சதும் பிளைவுட் எடுத்துடுவேன். தனியா ஓட்ட சரியா வருமா?" என்றார். படகு ரிப்பேர் முடிந்து அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தது. ரிப்பேரில் பட்ட பாட்டின் கோபத்தில் போனில் பாதியைத்தான் சொன்னேன். கிழக்குக் கரையில் கட்ட நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

16 அடி நீளம், 6 மில்லிமீட்டர் பிளைவுட், எபாக்ஸி, கண்ணாடியிழை நாடா. பிளைவுட்டை எபாக்ஸிப் பசையாலும் நாடாவாலும் ஒட்டிக் கட்டுகிற வழக்கமான முறைதான். முதலில் பாயைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேலன்ஸ்டு லக் வகை, அதாவது மேலே பருமல் என்ற கழியிலும் கீழே ஒரு கழியிலும் கட்டிய நாற்கோணப் பாய். ஒரே பாய், ஏற்றுவதற்கு ஒரே கயிறு, பாய்மரத்தைத் தாங்கக் கம்பி எதுவும் கிடையாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் பக்கம் தென்கிழக்குக் காற்று எப்படி வீசும் என்று தெரியும். நடுவழியில் தனியாளாகப் பாயைச் சுருக்க வேண்டி வரும். சுக்கான் பிடியை ரப்பர் கயிற்றால் கட்டிவிட்டு ஏற்றுக்கயிற்றைத் தளர்த்தினால் போதும். பருமலும் பாயும் கீழ்க்கழியும் சேர்ந்து படகுக்குள்ளேயே வந்து விழும். உட்கார்ந்த இடத்திலேயே பாயின் பரப்பைக் குறைக்கும் ரீஃப் முடிச்சுகளைப் போட்டுத் திரும்ப ஏற்றிவிடலாம். அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குத் தவழ்ந்து போகிற வேலை இல்லை. பாயின் முன் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு மட்டும் விறைப்பாக இருக்க வேண்டும். அது தளர்ந்தால் பாயில் குறுக்கே மடிப்பு விழும், படகு காற்றை எதிர்த்து ஏறாது.

மற்ற சாமான்கள் எல்லாம் சாதாரணம்தான். கீழ்க்கழி மேல் போட்டுக் கட்டும் தார்ப்பாய்க் கூடாரம், 5 கிலோ நங்கூரம், அதோடு 5 மீட்டர் சங்கிலி, அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் திறந்தே வைத்திருக்கும் கையடக்க விஎச்எஃப் ரேடியோ. நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள். புளூ பே கடல் பூங்கா என்றில்லை, எங்கேயும் பவளத்தின் மேல் போடாதீர்கள். உடைந்த பவளம் திரும்ப வளர வெகு காலம் ஆகும். அப்புறம், புயல் எச்சரிக்கை முதல் வகுப்பு வந்தவுடனே டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிற அளவுக்குப் படகு லேசாக இருப்பது இந்தத் தீவில் பெரிய வசதி.

இப்போது சென்டர்போர்டு. படகு பக்கவாட்டில் நகராமல் இருக்க, அடியில் உள்ள பிளவு வழியே தண்ணீருக்குள் இறங்கும் பலகை அது. மேலே தூக்கினால் படகின் நடுவே உள்ள ஒரு பெட்டிக்குள் போய்விடும்.

பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள இந்த லகூனில் ஆழம் கிடையாது, அதனால் பலகை ஏறி இறங்க வேண்டும். பவளத்தில் மோதினால் தானே மேலே மடங்கிக்கொள்கிற, ஆணியில் சுழலும் பலகையைத்தான் பிளானில் கொடுத்திருந்தார்கள். யோசனை சரியானதே. பலகை முழுதாக இறங்கியிருக்கும்போது இந்தப் படகு காற்றை எதிர்த்துப் போகிற அழகைப் பார்க்க வேண்டும். லயன் மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈல் தெ லா பாஸ் தீவுப் பக்கம் குறுக்கும் நெடுக்குமாக ஏறியபோது, நம் கையால் கட்டியதா இது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிக்கல், ராத்திரி தங்கப் படகைக் கரையேற்றும்போதுதான் ஆரம்பிக்கிறது. நம் கரை மணல் வெறும் மணல் இல்லை. அதில் விரல் நீளத்துக்கு, பென்சில் கனத்துக்கு உடைந்த பவளக் குச்சிகள் நிறைந்து கிடக்கின்றன. படகின் அடிப்பாகம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது, அலை தூக்கினால் பலகைப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறுகிறது, அதோடு குச்சியும் ஏறுகிறது. அலை இறங்கினால் படகு உட்காருகிறது, குச்சி பலகைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே இறுகுகிறது. ராத்திரி முழுக்க இது நடக்கும். கரையேற்றாமல் நங்கூரத்திலேயே தூங்கினால் என்ன என்று கேட்பீர்கள். கடல்மட்ட ஏற்ற இறக்கம் இங்கே அரை மீட்டரை ஒட்டித்தான், ஆனால் லகூனில் பல இடங்களில் அந்த அரை மீட்டர் போனாலே படகு தரைதட்டிவிடும்.

இதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் காற்றின் திசை. தெற்கே இருக்கும் மாஹேபூரிலிருந்து வடக்கே த்ரூ தோ தூஸ் பக்கம் போகும்போது காற்று வலப்பக்கமாக, கொஞ்சம் பின்னாலிருந்தும் வரும். பலகை பாதி இறங்கினாலே ஓடும். திரும்பும்போது அதே காற்று இடது முன்பக்கத்துக்கு வந்துவிடும், பலகை முழுதாகத் தேவை. அது மட்டுமில்லை, கிழக்குக் கரை முழுக்கக் காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்துத்தான் அடிக்கிறது. காலையில் படகைத் தள்ளி, ஏறி, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானை இழுத்த உடனே பலகை இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் படகு பக்கவாட்டிலேயே நகர்ந்து பாறையைப் பார்த்துப் போகும். கூட ஒரு ஆள் இருந்தால் அவர் தண்ணீரில் குதித்துக் குச்சியை நோண்டி எடுக்கலாம். தனியாக ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் தாமான், பலகையை மிதிக்க ஒரு கால். அந்த நேரத்தில் அந்தப் பெட்டியைக் கோடாரியால் பிளக்கலாம் போல வரும்.

செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். பெட்டியின் அடிவாயில் ரப்பர் பட்டை ஒட்டினேன். மணல் குறைந்தது, ஆனால் உள்ளே புகுந்த குச்சி வெளியே போக வழியில்லாமல் போயிற்று. பெட்டியின் மேல்மூடியைக் கழற்றும்படி மாற்றி, மெல்லிய அலுமினியப் பட்டையால் மேலிருந்து குத்தினேன். அது உதவுகிறது, இன்றும் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். கப்பி போட்டுப் பலகையைக் கீழே இழுக்கும் கயிறு கட்டினேன். பலகை இறங்கியது, ஆனால் சிக்கிய குச்சி பலகையின் எபாக்ஸியை உழுதுகொண்டே வந்தது. உழுத கோட்டின் வழியே தண்ணீர் பிளைவுட்டுக்குள் போய், ஓரம் ஊதி, கடைசியில் குச்சியே இல்லாமலும் பலகை நகர மறுத்தது.

ரிப்பேருக்குக் கொடுத்த பட்டறை செய்த வேலையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஊதிய மரத்தைக் காய வைக்கவே இல்லை. பழைய எபாக்ஸி மேல் கார் பட்டறையில் பூசுகிற பாலியெஸ்டர் பட்டியை வழித்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. முதல் பயணத்திலேயே பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. வேறொருவர்தான் எல்லாவற்றையும் சுரண்டி, பெட்டிக்குள் புதிதாகக் கண்ணாடியிழை போட்டு, பிளைவுட் பலகைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வைத்துக் கொடுத்தார். தகடு மெலிது, அதனால் இரண்டு பக்கமும் இடைவெளி தாராளம். குச்சி ஏறினாலும் பெரும்பாலும் தானே விழுந்துவிடுகிறது. ஆனால் நங்கூரத்தில் படுத்தால் தகடு ராத்திரி முழுக்க டொக் டொக் என்று பெட்டியில் இடிக்கிறது. துணியைத் திணித்துத்தான் தூங்குகிறேன்.

நியாயமாகச் சொன்னால், பாய்க்கும் கட்டுமானத்துக்கும் இந்தப் பிளான் கொடுத்த காசுக்கு மேலேயே தகும். என் படகை நான் விற்கப் போவதில்லை. ஆனாலும் தம்பி, நீங்கள் இதை இப்படியே கட்டாதீர்கள். பாயை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், சென்டர்போர்டை விட்டுவிட்டு அதே வேலையைப் படகின் வெளியே தொங்கிச் செய்யும் லீபோர்டு ஒன்று போடுங்கள். விளிம்பில் பலமான பிடிப்பு வைத்து, வெளிப்பக்கம் ஒரே ஒரு பலகை போதும். பார்க்க அழகாக இருக்காது, படகுத்துறையில் அணையும்போது அந்தப் பக்கம் இடைஞ்சல், தண்ணீரும் கொஞ்சம் தெறிக்கும். ஆனால் அடியில் ஓட்டை இல்லை, குச்சி சிக்க இடமே இல்லை, கோளாறு வந்தால் கண்ணெதிரே தெரியும், கையால் எட்டிச் சரிசெய்யலாம். பெட்டி எடுத்துக்கொண்ட நடு இடமும் மிச்சம். நான் அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கமாக ஒடுங்கி, முழங்கால் இடிபட்டுத் தூங்குகிறேன். நீங்கள் அங்கே குறுக்குப் பலகை போட்டு, கையை காலை நீட்டிப் படுக்கலாம்.